முகத்துவாரம் மூடினால் ஏரி

துலுக்காணத்துக்குக் கார் இன்சூரன்ஸ் போட எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று என்றால், கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் யாரும் அவனிடம் மாட்டிக்கொண்டதில்லை. நான் மாட்டிக்கொண்டேன்.

அறுபத்தொன்பதாம் வருஷம். பொன்னேரியில் சைக்கிள் கடை மாடியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அதுதான் என் ஆபீஸ். அப்போது இன்சூரன்ஸ் எல்லாம் தனியார் கம்பெனிகள். எங்கள் பக்கத்தில் மூன்று கம்பெனிக்கு மூன்று ஏஜென்டுகள் இருந்தோம். கட்டணம் மூவரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் சண்டையெல்லாம் வாயிலும், வருஷக் கடைசியில் கொடுக்கும் டயரியிலும்தான்.

துலுக்காணம் பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரன். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில் அவன் ஊர். பதினோரு வருஷம் இறால் லாரியில் மெட்ராசுக்குப் போய் வந்தான். முதலில் கிளீனர், பிறகு டிரைவர். அப்பன் விட்டுப்போன படகுப் பங்கையும் பெண்சாதி அங்காளம்மாளின் நகையையும் விற்று, பழைய லேண்ட்மாஸ்டர் கார் ஒன்றை வாங்கிப் பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து பழவேற்காட்டுக்கு டாக்ஸி ஓட்ட ஆரம்பித்தான். அந்த வண்டியைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் இல்லை. அதனால்தான் என் உயிரை எடுத்தான்.

மூன்று ஏஜென்டுகள் கொடுத்த காகிதங்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருவான். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லி, வரி வரியாக மனப்பாடம் செய்திருப்பான்.

"சார், மூணாம் பார்ட்டின்றாங்களே, அப்ப மொத ரெண்டு பார்ட்டி யாரு?"

"முதல் பார்ட்டி நீ. ரெண்டாவது கம்பெனி. உன் வண்டியில அடிபடுறவன் மூணாவது."

"சரி. என் வண்டிக்கு அடிபட்டா?"

"தேர்ட் பார்ட்டி பாலிசியில உன் வண்டிக்குக் காலணா கிடைக்காது. சர்க்கார் கட்டாயம் போடணும்னு சொல்றது அது மட்டும்தான்."

"டப்பு கட்றது நானு, வாங்கிக்கினு போறது எவனோவா? நல்லா கீதே நாயம்!"

அப்படியானால் முழு இன்சூரன்ஸ் போடு என்றேன். கட்டணம் கூட, ஆனால் தீ, திருட்டு, வெள்ளம், கலவரம், விபத்து எல்லாம் அடங்கும். எல்லாம் என்று சொன்னது என் புத்தி கெட்ட வேளை. எலி ஒயரைக் கடித்தால்? வண்டியை விட்டுவிட்டு டயரை மட்டும் திருடினால்? பனைமரம் விழுந்தால் வெள்ளமா, விபத்தா? ஒரு வாரம் எலியிலேயே போயிற்று. சாப்பிட உட்கார்ந்தாலும் மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்பதுபோல இருக்கும்.

ஒருநாள் கேட்டான்: "தண்ணி மேல போனா?"

"கார் எப்படிய்யா தண்ணி மேல போகும்?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் குப்பத்தில் சோறு போடுகிற பொருள் எதுவானாலும், வலையோ படகோ, ஆடித் திருவிழாவில் கங்கையம்மன் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இவனுக்குச் சோறு போடுவது கார். குப்பத்துக்கு ரோடு கிடையாது. இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, காரை ஏற்றிக்கொண்டு போகப் போகிறான்.

மற்ற இரண்டு ஏஜென்டுகளும் இதைக் கேட்டுச் சிரித்து அனுப்பிவிட்டார்களாம். நான் சிரிக்கவில்லை. பாலிசியைப் புரட்டினேன். ரோடு, ரயில், உள்நாட்டு நீர்வழி, இவற்றில் வண்டியை ஏற்றிப்போகும்போது நேரும் சேதமும் அடங்கும் என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருந்தது. படித்துக் காட்டினேன். அவன் முகம் மலர்ந்தது. சனியன் விட்டது என்று விண்ணப்பப் பாரத்தை நீட்டினேன்.

பேனாவை வாங்கியவன் அப்படியே நின்றான்.

"சார், ஒண்ணே ஒண்ணு. மொகத்துவாரம் மூடிக்கினா அது ஏரி. தொறந்துக்கினா கடத்தண்ணி உள்ள வந்துரும், அப்ப அது கடலு. இந்த வரி ஏரிக்கா, கடலுக்கா?"

நான் பொன்னேரி நெல்லு வயல்காரன். ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணலால் மூடுமா திறக்குமா என்பதை நான் எங்கே கண்டேன்? அதோடு ஐந்து வாரக் கோபம் வேறு.

"அட, கையெழுத்தைப் போடுய்யா!" என்று கத்தினேன்.

போட்டான்.

ஆடி மூன்றாம் ஞாயிறு, வேப்பிலை கட்டிய லேண்ட்மாஸ்டர் மணலில் கங்கையம்மன் முன்னால் நின்றது. போகும்போது ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் திரும்பும்போது முகத்துவாரத்துக்கு அருகே ஆழமான ஓடையில் பலகை சரிந்து, கார் தலைகுப்புற உள்ளே போயிற்று. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. கயிறு கட்டி இழுத்துக் கரையேற்ற இரண்டு நாள் ஆயிற்று. உப்புத் தண்ணீரும் சேறும் புகுந்த எஞ்சின் அதற்குப் பிறகு மூச்சே விடவில்லை.

எங்கள் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீசில் அதிகாரி மேஜைமேல் மேப்பை விரித்தார். "இங்கே பாருங்க, ஏரி கடலோட சேர்ந்திருக்கு. இது எப்படி உள்நாட்டு நீர்வழி ஆகும்?"

"இப்போ மணல் மூடியிருக்கு சார்."

"அப்படின்னா சர்வேயர் நேரில் வந்து பார்த்து எழுதட்டும். மூடியிருந்தா பணம் உண்டு."

சேதத்தை மதிப்பிடும் அந்தச் சர்வேயர் எப்போது வருவார் என்றேன். வருவார் என்றார்.

அங்கேதான் வந்தது வினை. முகத்துவாரம் மூடிக் கிடந்தால் ஏரித் தண்ணீர் வெயிலில் சுண்டி உப்பேறிப் போகும். மடவை மீன் செத்து மிதக்க ஆரம்பித்திருந்தது. ஆடி அமாவாசையன்று கடல் ஏறும்போது, வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து மணலை வெட்டித் திறப்பது என்று குப்பங்கள் முன்பே முடிவு செய்திருந்தன. திறந்துவிட்டால் மீன் வரும், இறால் வரும். துலுக்காணத்தின் பணம் போகும்.

குப்பத்துத் தலைவரான நாட்டார் முனுசாமி ஊரைக் கூட்டி, "நம்ம புள்ள வண்டி. அம்மனுக்காவத்தான் போச்சி. பௌர்ணமிக்குத்தான் கடலு மறுபடி ஏறும், அது வரைக்கும் பாப்போம்" என்றார். அமாவாசையை அப்படியே விட்டார்கள்.

அந்தப் பதினைந்து நாளும் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. நாலு தந்தி அடித்தேன். இரண்டு தடவை மெட்ராசுக்கு ரயிலேறினேன். சர்வேயர் துறைமுகத்தில் ஏதோ குடோன் தீ விபத்தைப் பார்க்கப் போயிருந்தார். அடுத்த தடவையும் அங்கேதான் இருந்தார். பெஞ்சில் உட்கார வைத்து, நாளைக்கு என்றார்கள். பொன்னேரியில் இறங்கினால் பிளாட்பாரத்திலேயே துலுக்காணம் நிற்பான்.

"இன்னா சார், வந்துக்கினு கீறாரா?"

"நாளைக்காம்."

"எந்த வருசத்து நாளைக்கி சார்?"

கூடையில் மீன் விற்கிற அங்காளம்மாள் அவன் பக்கத்தில் நின்றிருந்தாள். கூடை காலி. "என் கூடை காலியா கீதேன்னு நான் அழல சார். எங்களுக்காவ ஊர்ல எல்லார் கூடையும் காலியா கீது. தெருவுல நடக்க மூஞ்சி இல்ல" என்றாள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

பௌர்ணமியன்று காலையில் நானும் அந்த மணலில் நின்றேன். ஊரே மண்வெட்டியோடு நின்றது. ஒருவரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனே பார்த்தான். கரையெல்லாம் செத்த மீன்.

"மயிரே போச்சி, கார்தானே! அந்த ஆளு வர்றப்ப வரட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதல் வெட்டை அவனே போட்டான். சாயங்காலம் கடல் கரைபுரண்டு உள்ளே வந்தது.

மூன்றாம் நாள் ஜீப்பில் சர்வேயர் வந்தார். நல்ல மனிதர். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். எங்களோடு படகில் போய், இரைந்து ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார்.

"இது கடல்தானேப்பா?"

"இன்னிக்கி கடலுதான் சார். வண்டி உயுந்த அன்னிக்கி ஏரி."

அவர் நோட்டை விரித்தார். "நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். ஒரே ஒரு வழி இருக்கு. பாலிசி எடுக்கும்போது இந்தச் சந்தேகத்தை ஏஜென்ட் கிட்ட கேட்டியா? கேட்டும் அவர் சரியா விளக்காம கையெழுத்து வாங்கியிருந்தா சொல்லு, எழுதுறேன். கம்பெனி உனக்கு ஏதாவது கொடுக்கும். அவர் லைசென்ஸ்தான் போகும்."

துலுக்காணம் என்னைப் பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான்.

"கேக்கல சார்" என்றான்.

ஜீப் போன பிறகு இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். மறுநாளிலிருந்து அவனுக்குப் பழையபடி இறால் லாரி. அவன் என்மேல் எரிந்து விழுந்தான்.

"ஒரு லைனுக்கு ஒம்போது கேள்வி கேட்டவன் சார் நானு. எலிக்குக் கேட்டேன், பனமரத்துக்குக் கேட்டேன். அது ஒண்ண மட்டும் கேக்கலன்னு என் வாயால சொல்றதுக்கு எம்மாம் பேஜாரா இருந்துச்சி தெரியுமா?"