நான்கு நினைவூட்டல்கள்

தகுதிகாண் காலமான மூன்று ஆண்டுகள் முடிந்ததும், பாதகமான அறிக்கை ஏதும் இல்லாவிடில், அலுவலர் சேவையில் நிரந்தரமாக்கப்பட வேண்டும். விதி அப்படித்தான் சொன்னது. என்னைப் பற்றிப் பாதகமாக எழுத எவருக்கும் எதுவும் அகப்படவில்லை. நல்லதாக எழுதவும் அகப்படவில்லை என்பது வேறு விஷயம்.

இதைக் கிளறியவள் என் பேத்தி. போன கிழமை வெள்ளவத்தை வீட்டில், ஒரு கையில் தோசையும் மறுகையில் போனுமாக இருந்தவள், "அம்மப்பா, நான் வேலையை விட்டுட்டன்" என்றாள். பதினொரு மாத வேலை. போனிலேயே அனுப்பிய விலகலுக்கு, தோசை ஆறுமுன் நன்றி கூறிப் பதிலும் வந்துவிட்டது.

"அடுத்தது நிரந்தரமோ பிள்ளை?"

"ஆறு மாதக் கொன்ட்ராக்ட். நிரந்தரமா இப்ப ஆர் குடுக்கினம்?"

கடதாசி என்று ஒன்றுமே இல்லை. எனக்கோ கோந்து மணத்தது. நான் வேலைபார்த்த அரசாங்கக் கந்தோர்க் கோந்துப் போத்தலில் எப்போதும் ஓர் எறும்பு செத்துக் கிடக்கும். அந்த நாட்களில்தான் கொட்டாஞ்சேனையில் விமலாவைப் பெண் கேட்டுப் போனேன். அவளுடைய தகப்பனார் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்.

"தம்பி, கன்போம் ஆகிட்டுதோ?"

"மூண்டு வருஷம் முடிஞ்சுது. கடிதம்தான் வரவேணும்."

"அப்ப வரட்டும்."

வாழ்நாள் முழுக்கப் பிந்திய ரயில்களுக்குக் கொடி காட்டிய மனிதர், கடிதம் பிந்திய எனக்கு மட்டும் வழிவிட மறுத்தார்.

தலைமை அலுவலகத்துக்கு நேரே போய் கோப்புப் பார்க்கும் லிகிதரோடு ஒரு பிளேன்டீ குடி என்றார்கள் நண்பர்கள். முறை தெரிந்தவன் அப்படிச் செய்வானா? உரிய வழியூடாக நினைவூட்டல் அனுப்பினேன். ஒரு வருடத்தில் நான்கு. கடைசியில் வெட்கத்தை விட்டுப் போனபோது லிகிதர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு முறையும் என் கோப்பு கையொப்பத்துக்குப் போகுமாம். அதற்குள் என் நினைவூட்டல் வந்து சேருமாம். அதைக் கோத்து மறுபடி சமர்ப்பிக்கக் கோப்பைத் திருப்பி எடுப்பார்களாம். "இனி எழுதாதீங்க மாத்தயா" என்றார் பரிவோடு.

நடந்ததைக் கொட்டாஞ்சேனையில் ஒப்புவித்தேன். கிழவர் பேப்பரை மடித்துவைத்தார். போச்சு என்று நினைத்தேன். உள்ளேயிருந்து விமலா சிரித்தாள்.

"அப்பா, இவரை ஆர் வேலையால நிப்பாட்டுறது? அதுக்கும் ஃபைல் மேசையில இருக்கவேணுமே!"

"விளையாடாத பிள்ளை. நாளைக்கு வேலை போச்சுதெண்டா?"

"நான் படிப்பிக்கிறன்தானே. கடிதத்தையோ கட்டப்போறன்?"

அவர் மடித்த பேப்பரை மறுபடி விரித்தார். பிறகு, "ஆவணியில நாள் பாருங்கோ" என்றார். ஐந்தாவது நினைவூட்டலை நான் எழுதவில்லை.

கோந்தும் போயிற்று, எறும்பும் போயிற்று. மாப்பிள்ளையிடம் அந்தக் கேள்வியை இப்போது எவரும் கேட்பதில்லை. கேட்டால் நாட்டில் பாதிப் பேருக்குக் கல்யாணம் நடக்காது. பேத்திக்குப் பயமே இல்லை என்றுதான் எண்ணியிருந்தேன். இந்தக் கதையைக் கேட்டு முடித்தவள், கை கழுவிவிட்டு வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் கடிதம் ஒருக்கா வந்திட்டா பிறகு பயமே இல்லையா, அம்மப்பா?"

"ஓம். பென்ஷன் எடுக்கும் வரைக்கும்."

"எப்ப வந்தது?"

நான் வாய் திறக்குமுன், தோசைக் கல்லடியில் நின்ற விமலா பதில் சொன்னாள்.

"உன்ர அம்மா பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிச்ச அண்டைக்கு."