புள்ளிக்குப் புள்ளி ஜோடி தேடினேன்

இன்று எங்கள் வெள்ளை நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட கோவில்பட்டி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். தாய் புஜ்ஜி, சாம்பல் புள்ளி போட்ட டாஷ்ஹண்ட் இனம். போட்ட குட்டிகளில் இது மட்டும்தான் பால் வெள்ளை.

டாக்டரம்மா பின்னால் நின்று கை தட்டினார். குட்டி திரும்பவில்லை.

"திமிரு புடிச்சது. நான் கூப்பிட்டாலும் இப்படித்தான் நிக்கும்" என்றேன்.

"திமிரு இல்ல பாட்டி, காது கேக்கல. தகப்பன் என்ன நிறம்?"

"அதுவும் புள்ளிதான். புதூர் வரைக்கும் போய்த் தேடிப் புடிச்சேன்லா!" என்று பெருமையாகச் சொன்னேன்.

"ரெண்டும் இந்தப் புள்ளியா இருந்தா சில குட்டி இப்படித்தான் பொறக்கும். சிலதுக்குக் கண்ணும் தெரியாது. யார்ட்டயும் கேக்காமலா சேத்தீங்க?"

எங்கள் ஊர்க் கன்னி இன ஆட்டுக்கு முகத்தில் அதே வரி போட்ட கிடாயைத்தான் தேடிச் சேர்ப்போம். நாய்க்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். என் ஆசைக்கு இதன் காது போய்விட்டது. நேற்றுகூட கூப்பிட்டும் வரவில்லை என்று அதட்டினேன்.

இதை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. புள்ளி ஆண் நாய் வைத்திருக்கும் அண்ணாச்சிமார் இனி எனக்குப் போன் போட வேண்டாம்.

காது கேட்காத குட்டியை எப்படிப் பழக்குவது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். நல்ல பெயர் மட்டும் அனுப்பாதீர்கள், அது எனக்குத்தான் கேட்கும்.