ஐந்தருவியில் அக்கா சொன்ன 'வித்' கதை

பெண் பார்க்க வீட்டுக்கு வந்தவர்கள் வேண்டாமென்று போய்விட்டால் தெருவே பேசும். அதனால் எங்கள் பக்கத்தில், சாரல் காலத்தில் இரண்டு குடும்பமும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போய், தற்செயலாகச் சந்தித்த மாதிரி நடிப்பார்கள். பிடிக்காவிட்டால் குளித்தது லாபம்.

எழுபதுகளின் கடைசி. அக்கா குற்றாலத்தில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருஷம். எம்.ஏ. படிக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் பேச்சு. சாயங்காலம் தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அன்றைய பாடத்தை எனக்குச் சொல்லியாக வேண்டும். எனக்கு எட்டு வயது. ஒரு எழவும் புரியாது. ஆனாலும் அவள் குரல் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

'வித்' என்கிற இங்கிலீஷ் சொல்லின் கதை அப்படி வந்ததுதான். "ஏட்டி, 'வித்'துக்கு இப்ப 'கூட'ன்னு அர்த்தம் சொல்லுதோம்லா, அந்தக் காலத்துல அதுக்கு 'எதிரா'ன்னு அர்த்தமாம். 'கூட'ங்கதுக்கு 'மிட்'னு வேற சொல்லு இருந்துச்சாம். அதத் தள்ளிட்டு இது வந்து உக்காந்துட்டு!"

அந்த ஆடியில் ஐந்தருவிக்குப் போனோம். வந்தவர்கள் வீரகேரளம்புதூர்க்காரர்கள். மாப்பிள்ளை ராணுவத்தில், லீவில் வந்திருந்தார். ஈரத்தலையோடு உட்கார்ந்து எல்லாரும் நேந்திரங்காய் சிப்ஸ் தின்றோம். மாப்பிள்ளையின் அப்பா, "என்னம்மா படிக்கே?" என்றார்.

அக்கா 'வித்'தில் தொடங்கினாள். 'மிட்' போன கதை, பிறகு 'மிட்வைஃப்'. பிரசவம் பார்ப்பவளுக்குக் 'கூட இருக்கும் பெண்' என்று பெயர் வந்ததை ஆம்பிளைகள் முன்னால் சொன்னதும் அம்மா முதுகில் கிள்ளினாள். அக்கா நிறுத்தவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பேரப்பிள்ளைகளுக்கு ட்யூஷனே வேண்டாம்லா! படிச்சது போதும் அண்ணாச்சி, பையனுக்கு லீவு முடியதுக்குள்ள கல்யாணத்தை வச்சிருவோம்."

அப்பா பூரித்துப்போனார். அக்கா எழுந்து மறுபடி அருவிக்குள் போனாள். கண் சிவந்து வெளியே வந்தாள். தண்ணீர் பட்டதால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் கல்யாணம். அக்கா வடக்கே போனாள். பஸ் வரும் நேரத்துக்கு வெகுநாள் வாசலில் போய் நின்றேன். பிறகு எத்தனையோ முறை ஊருக்கு வந்தாள். பிள்ளைகள், ரேஷன், சம்பளம் எல்லாம் பேசினாள். அந்தக் குரலுக்கு மட்டும் இன்னும் ஏங்குகிறேன்.

இவ்வளவு பேசுகிற பெண் நமக்கு வேண்டாமப்பா என்று அவர்கள் எழுந்து போய்விட மாட்டார்களா என்றுதான் அன்றைக்கு அவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் சொல்லுக்கா, இன்னும் சொல்லு" என்று கை தட்டிக்கொண்டிருந்தேன்.