போய்ச் சேராத மறுப்பு

அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் ‘பூட்டு’ என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி.

பூட்டுக்கு வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு வருடமாக மருத்துவமனை சர்வர்களுக்கு நிரல் எழுதுகிறார். அதிலும் ஒரு மூலை மட்டும்தான் அவருடையது. வருகிற இணைப்புகளில் எதை ஏற்பது, எதைத் திருப்பி அனுப்புவது, எப்போது துண்டிப்பது என்பதெல்லாம் அவர் பாடு. திரையில் யாரும் பார்த்து ரசிக்கும்படி அவர் எதையும் எழுதியதில்லை. அதில் அவருக்குக் கர்வம் வேறு. மறுப்பதில் தயக்கம் கூடாது என்பது அவர் கட்சி. தயங்கினால் வரிசை நீளும், நீண்டால் சர்வர் படுத்துவிடும். வாதம் சரிதான். சரியான வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் வெகுதூரம் தப்பாகப் போகலாம்.

மச்சானுக்கு வேலை, நோயாளியின் கட்டிலோரம் நின்று நாடித்துடிப்பைச் சர்வருக்கு அனுப்பும் கருவிகளைச் செய்யும் கம்பெனியில். கருவிக்குள் ஓடும் நிரல் அவனுடையது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு விருந்தில், பத்துப் பேர் நடுவில், “எங்க மாமா அவ்வளவு படிச்சுட்டு வாட்ச்மேன் வேலை பாக்கறார். வர்றவனை எல்லாம் வெளிய தள்ளணும், அவ்வளவுதான்” என்றான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அக்காவும் தம்பியும் போனில் பேச அவள் மொட்டை மாடிக்குப் போக வேண்டியிருந்தது.

போன வாரம் ஒரு மருத்துவமனையில் முதல் சர்வர் நிரம்பியது. அப்படி நிரம்பினால், “இங்கே இடமில்லை, இரண்டாவது சர்வருக்குப் போ” என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் பூட்டின் நிரல் இணைப்பை மூடும். ஆனால் அறுபது கருவிகளும் இரண்டாவதுக்குப் போகாமல் முதலாவதையே முட்டிக்கொண்டிருந்தன. மூன்று மணி நேரம் நர்சுகள் கட்டில் கட்டிலாக ஓடிக் கையால் நாடி பார்த்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தப்பு சர்வரிலா, கருவியிலா என்று மருத்துவமனை கேட்டது. கருவியில் என்றால் மச்சானை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக அவன் கம்பெனி சொல்லிவிட்டது.

அன்று காலை மனைவி அவருடைய சாப்பாட்டு டப்பாவை மேஜைமேல் ‘டக்’கென்று வைத்தாள்.

“அவன் வேலை போச்சுன்னா உங்களுக்குக் கொண்டாட்டம். கொண்டாடுங்க, வேண்டாங்கலை. என் கண்ணு முன்னாடி மட்டும் சிரிச்சுடாதீங்க.”

மூன்று மணிக்கு அவர் அலுவலகத்தில் கூட்டம். மேலாளர் அம்மா மருத்துவமனைக்கான கடிதத்தைத் தயாராகவே வைத்திருந்தார். தப்பு கருவியில்தான் என்று எழுதியிருந்தது. பூட்டின் கையெழுத்துதான் பாக்கி. எதிரே மச்சான், மடியில் ஒரு கருவியோடு.

“எங்க சர்வர் பதிவுல தெளிவா இருக்கு,” என்றார் பூட்டு. “ஒவ்வொரு தடவையும் செய்தி அனுப்பியிருக்கோம். இவங்க கருவிக்குத்தான் படிக்கத் தெரியலை.”

“நீங்க அனுப்பினீங்க சார், எனக்கு வந்து சேரலை. இணைப்பு அறுந்துபோச்சுன்னு மட்டும்தான் என் பக்கம் தெரியுது. அறுந்தா மறுபடி அங்கேயே போய் நிக்கணும்னுதானே நீங்க போட்ட சட்டம்?”

“காது கேக்கலைன்னா டாக்டர்கிட்ட போகணும். இங்க வரக்கூடாது.”

“நிஜக் கருவியை வெச்சு என்னைக்காவது சோதிச்சிருக்கீங்களா? இல்ல, அந்த ஊமைப் பொம்மையோடயே குடும்பம் நடத்துறீங்களா?”

ஊமைப் பொம்மை என்றது, பூட்டு சோதனைக்கு வைத்திருந்த போலிக் கருவியை. அது இணையும், எதுவும் பேசாது.

“குடு அதை,” என்று எழுந்தார் பூட்டு. “அஞ்சு நிமிஷத்துல உன் வாயை அடைக்கிறேன்.”

தன் இடத்தில் உட்கார்ந்து சோதனைச் சர்வரை நிரப்பி, கருவியை இணைத்து, இரண்டுக்கும் நடுவே போய்வரும் செய்திகளை வரி வரியாகப் பார்த்தார். நிஜக் கருவி பேசாமல் நிற்கவில்லை. இணைந்த மறுகணமே கட்டில் எண்ணையும் நாடித்துடிப்பையும் கொட்டியது. அவருடைய நிரல் அதைப் படிக்காமலே தன் ஒற்றை வரியைச் சொல்லி மூடியது. வந்தது படிக்கப்படாமல் கிடந்ததால் சர்வரின் இயங்குதளம் முறையாக விடைபெறவில்லை, இணைப்பை வெட்டி எறிந்தது. அந்த வெட்டு போய்ச் சேர்ந்ததும், கருவியின் வாசல்வரை வந்திருந்த அந்த ஒற்றை வரியும் படிக்கப்படாமலே அழிந்தது.

மூடுவதற்கு முன் எதிராளி பேசுவதைப் படித்து முடிக்கும் நாலு வரிகள் ஒருகாலத்தில் அந்த நிரலில் இருந்தன. எட்டு வருடத்துக்கு முன் அவரேதான் எடுத்தார். எடுத்த இடத்தில் குறிப்பும் இருந்தது: ‘போகச் சொன்ன பிறகு அவன் பேச்சைக் கேட்க நேரமில்லை.’

மூன்று தடவை பார்த்தார். மேலாளருக்குத் திரையில் ஓடும் இந்த எண்கள் புரியாது. மச்சானால் இந்தப் பக்கத்து நிரலைப் பார்க்க முடியாது. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அட்டைப்பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டு அவன் படியிறங்குவதை நினைத்துப் பார்த்தார். இனித்தது. இனிக்கவில்லை என்று தனக்கே பொய் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் கையெழுத்துப் போட்டால் இந்த நாலு வரியைத் திரும்பச் சேர்க்கவும் முடியாது. சேர்த்தால் ஏன் என்று கேட்பார்கள். சேர்க்காவிட்டால் இன்னொரு மருத்துவமனையில் நர்சுகள் ஓடுவார்கள். தப்பென்று தெரிந்த நிரலை ஓடவிட அவரால் முடியவில்லை. இதை நல்ல மனசு என்று சொல்வதற்கில்லை. மச்சான்மேல் அவருக்கு இம்மியும் இரக்கம் வரவில்லை.

திரும்பிப் போய், “தப்பு என்னோடது” என்றார்.

மேலாளர் பேனாவை மூடினார். “இவர் உங்க மச்சானாமே. வீட்டுல சொல்லி அனுப்பினாங்களா?”

“இவனுக்காக நான் பொய் சொல்லுவேனா? எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க.”

“சரி. இனிமே உங்க நிரல் எதுவும் இன்னொருத்தர் பார்த்துச் சரின்னு சொல்லாம உள்ள போகாது. இருபத்திரண்டு வருஷம்னு என்கிட்ட சொல்லாதீங்க.”

அவர் தன் இடத்துக்குத் திரும்பினார். நாலு வரியையும் திரும்ப எழுதினார்: பேசி முடித்ததாகச் சொல், எதிராளி சொல்வதைப் படித்துத் தள்ளு, அரை நொடிக்குமேல் காக்காதே, பிறகு மூடு. மச்சான் பின்னால் நின்று பார்த்தான். கருவி மறுப்பைப் படித்து இரண்டாவது சர்வருக்குப் போனது.

“அரை நொடி பத்தாது, மாமா. வார்டுல நெட்வொர்க் நத்தை மாதிரி. ரெண்டு வையுங்க.”

“எனக்கு நீ சொல்லிக்குடுக்காதே.”

“சொல்லிக்குடுக்க ஆள் இல்லாததாலதான் எட்டு வருஷம் ஓடியிருக்கு. இதுக்காக நான் உங்க வீட்டுக்கு வந்து நன்றி சொல்லுவேன்னு நினைக்காதீங்க.”

“வந்தா கதவைத் திறக்க மாட்டேன்.”

மச்சான் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போனான். மின்தூக்கி கீழே இறங்கும் சத்தம் கேட்கும்வரை பூட்டு விசைப்பலகையைத் தொடவில்லை. பிறகு அரை நொடியை இரண்டு நொடியாக்கி, காரணம் எழுதும் கட்டத்தில், ‘கருவிக்காரர்களின் தொல்லை’ என்று போட்டு, சரிபார்க்க அனுப்பினார்.