எனக்கு நடந்த இரண்டாவது காதுகுத்து

என் காதில் ஏற்கெனவே கம்மல் இருந்தது. இருந்தும் பதினொரு வயதில் எனக்குக் காது குத்தப்போவதாக அப்பா ரங்கூனில் எங்கள் பபேடான் பேட்டைத் தெரு முழுக்கச் சொல்லிவைத்தார். "இது ரெண்டாவது ஓட்டைம்மா" என்றார். இன்னொரு ஜோடிக் கம்மல் கிடைக்கும் என்றதும் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

யோசனை எதிர்வீட்டுக் கிளாரினெட் மாமாவுடையது. ரங்கூனில் மிஞ்சியிருந்த சில யூதர்களில் அவர் ஒருவர். ஜப்பான்காரன் குண்டு போட்ட பழைய போரில் அவருடைய சொந்தக்காரர்கள் இந்தியாவுக்கு நடந்தே தப்பியவர்கள். யார் வீட்டுக் கல்யாணத்திலும் வாசிப்பார். சனிக்கிழமை மட்டும் வாத்தியத்தைத் தொடமாட்டார். அது அவர்களுக்கு ஓய்வுநாள்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்த சமயம் அது. அதை எதிர்த்த ஊர்வலங்களில் பாடியதற்காகத் தேடப்பட்ட மூன்று பாட்டுக்காரர்கள் மாமாவின் மாடியில் ஒளிந்திருந்தார்கள். அவர்களை மேளக்காரர்களாக வேஷம் கட்டி, மோல்மேன் பக்கத்து முருகன் கோயில்வரை கொண்டுபோய்விட்டால், அங்கிருந்து தாய்லாந்து எல்லையைத் தாண்டிவிடலாம். இதெல்லாம் பெரியவர்களின் கணக்கு. எனக்கு அவர்கள் வெறும் மேளக்காரர்கள்.

தெருவில் சோதனை ஆரம்பித்ததால் சனிக்கிழமையே கிளம்ப வேண்டியதாயிற்று. மாமாவும் வேனில் ஏறிக்கொண்டார். மூவருக்கும் நெற்றி நிறைய விபூதி. ஒருவர் வேட்டியைப் பர்மாக்காரர்களின் லுங்கி மாதிரி முன்னால் முடிந்திருந்தார். அப்பா அவிழ்த்துக் கட்டிவிட்டார்.

வழியில் ஒரு சிப்பாய் வேனை நிறுத்தினான். காதுகுத்து என்றதும் என் கம்மலையே பார்த்தான். அம்மா என் முடியை இழுத்துக் காதை மூடினாள். நான் பெருமையாகப் பர்மிய மொழியில் சொன்னேன்: "இது ரெண்டாவது ஓட்டை!"

அவன் சிரித்துவிட்டான். மேளக்காரர்கள் என்றால் வாசித்துக் காட்டுங்கள் என்றான்.

"சயா, இன்னிக்கு சனிக்கிழமை" என்று அப்பா மாமாவிடம் மெதுவாகச் சொன்னார். சயா என்றால் பர்மிய மொழியில் வாத்தியார்.

"தெரியும்பா. பசங்க உசுருக்குன்னா எங்க சாமி ஒண்ணும் சொல்லாது" என்று மாமா கிளாரினெட்டை எடுத்தார்.

அவர் வாசித்தது பிரமாதம். தவில்தான் படுமோசம், தகர டப்பாவைத் தட்டுவதுபோலக் கேட்டது. எனக்கு மானமே போயிற்று. சிப்பாயோ தோளைக் குலுக்கி ஆடியபடி வழிவிட்டான்.

கோயிலில் காது குத்தினார்கள், ஊரைக் கூட்டினேன். சாப்பாடு முடிந்ததும் தவில்காரர் என் தலையில் கைவைத்து ஏதோ முணுமுணுத்தார்.

திரும்பும்போது வேனில் மூன்று இடம் காலி. "அவங்க எங்க மாமா?" என்றேன்.

"அந்தப் பக்கம் அவங்களுக்குக் கச்சேரி இருக்கு கண்ணு" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் வீடு வரும்வரை யாரிடமும் பேசவில்லை. இவ்வளவு தூரம் கூட வந்த நம்மை அந்தக் கச்சேரிக்கு ஒரு வார்த்தை கூப்பிடவில்லையே என்று எனக்கு அவ்வளவு கோபம்.