மூன்றாவது குத்து

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் சரக்குப் பார்ப்பவனாகப் பதினெட்டு வருஷம் வேலை செய்தேன். சரக்குப் பார்ப்பது என்றால் வேறொன்றுமில்லை, நம்பாமல் இருப்பது. மலையிலிருந்து இறங்கி வரும் ஒவ்வொரு சாக்கிலும் ஒரு திருட்டுத்தனம் ஒளிந்திருக்கிறது என்ற நினைப்போடுதான் காலையில் கிடங்குக்குள் கால் வைப்பேன். மேலே நாலு விரற்கடைக்கு முற்றின மிளகு இருக்கும், அடியில் சொத்தை இருக்கும். பப்பாளி விதையைக் காயவைத்துக் கலப்பார்கள். பழைய சரக்குக்கு எண்ணெய் தடவிப் பளபளவென்று கறுப்பாக்குவார்கள். இத்தனையையும் பார்த்துப் பார்த்து, யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தாலே இவன் எதை விற்க வந்திருக்கிறான் என்று யோசிக்கிற புத்தி எனக்கு வந்துவிட்டது.

என் கையிலிருந்த ஒரே கருவி குத்தூசி. ஒரு சாண் நீள இரும்பு, நுனி கூர்மை, நெடுக வாய்க்கால் போலக் குழிந்திருக்கும். சாக்கின் விலாவில் குத்தினால் உள்ளே இருக்கும் மிளகு அந்தக் குழி வழியாக உள்ளங்கையில் வந்து விழும். உருவிய பிறகு சணலில் பிறை வடிவில் ஒரு வாய் திறந்திருக்கும். அதன்மேல் ஊசி நுனியால் இரண்டு தடவு தடவினால் இழைகள் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும், குத்திய சுவடே தெரியாது. ஒரு நாளைக்கு நூறு சாக்கு குத்துவேன், நூறு பிறையைத் தடவி மூடுவேன். தூக்கத்தில்கூடக் கை அப்படித் தடவுகிறது என்று என் மனைவி சொல்லுவாள்.

இப்படிப்பட்டவனுக்குச் சிநேகிதர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? எனக்கு ஒருவர்தான் இருந்தார். அவர் கும்பளங்கிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், துறைமுகப் பக்கம் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் டிரைவராக இருந்தவர். நான் அவரை அண்ணன் என்ற அர்த்தத்தில் சேட்டன் என்பேன், அவர் என்னைச் சாமி என்பார். சாயங்காலம் நாலு மணிக்குக் கிடங்குக்குப் பின்னாலிருந்த சாயாக்கடையில் எங்கள் இருவருக்கும் ஒரே பெஞ்சு. நான் கண்ணாடி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். அவர் அதற்காகத் தினமும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஒன்றின்மேல் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. என் மனைவி வீட்டில் அப்பளம், வடாம், மோர்மிளகாய் போட்டு எர்ணாகுளம் பிராட்வேயில் நாலு கடைகளுக்கும் கலூரில் இரண்டு கடைகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். தகர டின்களைத் தூக்கிக்கொண்டு, காயலைத் தாண்டும் போட்டில் ஏறி இறங்குவதற்குள் கால்வாசி அப்பளம் நொறுங்கிவிடும். அந்த நேரத்தில்தான் சேட்டனுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது தன் ஸ்டேஷன் வேகனைச் சேட்டன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பின்பக்கம் ஒரு சின்ன அறை மாதிரி நீண்டு, கதவு மேல்நோக்கித் திறக்கும் ஐரோப்பிய வண்டி. உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், வேறு யாருக்கும் கொடுக்க மனமில்லை என்றார் சேட்டன்.

வேறு யாருக்கும் கொடுக்க மனமில்லை என்ற அந்த வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. மிளகு விற்க வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பளங்கிக்குப் போனேன். குத்தூசியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டுதான் போனேன், மறைப்பானேன்? ஓலைக் கொட்டகைக்குள் வெளிர் பச்சையில் வண்டி நின்றது. அன்று காலையில்தான் பாலிஷ் போட்டிருந்தார்கள், வாசனை வந்தது. எண்ணெய் தடவிய மிளகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தது. ஐரோப்பிய வண்டிக்கு இடப்பக்கம் அல்லவா இருக்கவேண்டும் என்று மடக்கினேன். இங்கிலாந்துக்காக அப்படியும் செய்வார்கள் என்று சேட்டன் பொறுமையாகச் சொன்னார். பொறுமையாகச் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. கதவுகளைத் தட்டினேன், சக்கரங்களுக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தேன், இருக்கைகளுக்கு அடியில் முகர்ந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு குறை அகப்படவில்லை. குறை அகப்படாத சரக்கை நான் அதுவரை கண்டதில்லை.

பாக்கி இருந்தது பின்பக்கத் தரை மட்டும்தான். அங்கே கனத்த கார்பெட்டை ஒட்டியிருந்தார்கள். அடியில் தகரம் துருப்பிடித்து ஓட்டையாக இருந்தால் யாருக்குத் தெரியும்? சேட்டன் காகிதங்களை எடுக்க வீட்டுக்குள் போனார். நான் குத்தூசியை எடுத்தேன். கார்பெட் வழியாக முதல் குத்து, டங் என்றது. இரண்டாவது குத்தும் டங் என்றது. மூன்றாவதுக்குச் சத்தமில்லை. ஊசி மெத்தென்று இறங்கிற்று. இன்னும் ஒரு குத்து குத்திப் பார்ப்பதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது. ஊசியை உருவிப் பைக்குள் போட்டுவிட்டு, காகிதங்களைப் பார்க்க எழுந்தேன்.

வண்டியை வாங்கிவிட்டேன். ஏன் வாங்கினாய் என்று கேட்டால், என் மனைவி ஏற்கெனவே சரியென்று சொல்லிவிட்டாள். ஆனால் அந்த மெத்தென்ற இடம் என் மனத்தில் அப்படியே இருந்தது. அங்கே ஓட்டையை எதையோ வைத்து அடைத்துப் பூசி மெழுகியிருக்கிறார்கள் என்று தீர்மானம் செய்துகொண்டேன். அதைச் சேட்டனிடம் கேட்கவில்லை. கேட்டால் நான் குத்தியது தெரிந்துவிடுமே.

வெயில் காலம் முழுவதும் வண்டி ராஜா மாதிரி ஓடியது. பன்னிரண்டு டின்களை வைத்தாலும் ஒரு அப்பளம் உடையவில்லை. பிராட்வேயில் கடைக்காரர்கள் வெளியே வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. நான் மட்டும் மழைக்காகக் காத்திருந்தேன்.

மழை வந்தது. மட்டாஞ்சேரித் தெருக்களில் மழைத் தண்ணீரும் காயல் தண்ணீரும் சேர்ந்து கணுக்கால் வரை நின்றது. முதல் வாரத்திலேயே பின்பக்கக் கார்பெட் ஈரமாயிற்று. சரியாக அந்த இடத்தில்தான் ஈரம் தொடங்கி நாலு பக்கமும் பரவியது. டின்களின் அடி துருப்பிடித்தது. ஒரு முழு லோடு அப்பளம் பூசணம் பூத்துப் பிராட்வேயிலிருந்து திரும்பி வந்தது. என் மனைவி அதை முற்றத்தில் கொட்டிவிட்டு அழுதாள். எனக்கோ, வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு திருப்தி. குட்டு வெளிப்பட்டுவிட்டது. பன்னிரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மனிதரும் என் தலையில் மிளகாய்தான் அரைத்திருக்கிறார்.

அதற்கு அடுத்த நாள் சாயாக்கடையில் சேட்டனிடம் மழை, அப்பளம், ஈரம் என்று ஜாடையாகச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, நல்ல மழையில், குடையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வண்டியின் பின்பக்கத்தை ஒரு தரம் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டார். கை சட்டைப் பாக்கெட்டின்மேல் இருந்தது. கெட்டிக்காரர், தடயத்தை அழிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"வித்தது வித்தாச்சு, சேட்டா. இனிமே இந்த வண்டியைத் தொட வேண்டாம்" என்றேன்.

அவர் குடையைத் திருப்பிக்கொண்டு நடந்தார். படியில் தடுமாறியதைப் பார்த்தும் நான் கை கொடுக்கவில்லை. உள்ளேயிருந்து வந்த என் மனைவி, "நம்மாத்துக்கு வந்த மனுஷாளை வாசலோட அனுப்பிச்சேளே, ஒரு வாய் காப்பி கொடுக்கணும்னு தோணலியா?" என்று கேட்டாள். மறுநாள் நாலு மணிக்குச் சாயாக்கடைப் பெஞ்சு காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும் காலியாக இருந்தது.

நாலு மழைக்காலம் அப்படியே ஓடிற்று. மழை வந்தால் பிளாஸ்டிக் தாளும் பலகையும் போட்டு டின்களை வைப்போம். பின் இருக்கையைக் கழற்றிக் கார்பெட்டைப் பிரித்துப் பார்த்தால் என்ன என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சம்மதிக்கவில்லை. ஒர்க்‌ஷாப்காரன் ஒரு ஓட்டையைப் பார்க்கப் போய் நாலு ஓட்டை போட்டுவிட்டுத்தான் அனுப்புவான் என்பேன். உண்மையான காரணம் வேறு. சேட்டன் என்னை ஏமாற்றியதற்கு அந்தக் கார்பெட்டின் அடியில் சாட்சி இருந்தது, அதைக் கலைக்க எனக்கு மனமில்லை. நாலு மணிச் சாயாவைத் தனியே குடித்துக்கொண்டு அந்தச் சாட்சியை நினைத்துக்கொள்வேன். அது இல்லாவிட்டால் அந்தக் காலிப் பெஞ்சுக்கு நான்தான் பதில் சொல்லவேண்டும்.

ஐந்தாவது மழைக்கு முன்பு என் மனைவி என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் கிடங்கிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது, பின் இருக்கை முற்றத்தில் கிடந்தது, கார்பெட் சுவரில் காய்ந்துகொண்டிருந்தது. தகர வேலை செய்கிற ஒரு ஆள் வண்டிக்குள் குந்தியிருந்தார். நான் கத்தப் போனேன். அவர் அதற்குள் எதையோ கழற்றி எடுத்து என் கையில் வைத்தார்.

"தகரத்துக்கு ஒரு குழப்பமும் இல்ல, சாமி. நல்ல தகரம். இது கம்பெனியில வெச்ச ரப்பர் மூடி. ஆரோ மேலேருந்து குத்தியிருக்கு" என்றார்.

வண்டி செய்யும்போதே தரையில் விட்டிருக்கும் ஒரு துவாரத்தை அடைக்கும் மூடி அது. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரியது. நடுவில் ஒரு பிறை வெட்டியிருந்தது. ஒரு நாளைக்கு நூறு பிறையைப் பார்க்கிறவனுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தரையில் அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில் பெயின்ட் சிராய்ந்து இரண்டு சின்னப் பள்ளங்கள் இருந்தன, டங், டங் என்ற இரண்டு இடங்கள்.

என் மனைவி மூடியை வாங்கிப் பார்த்தாள். பிறகு வாசல் ஆணியில் தொங்கிய என் துணிப்பையைப் பார்த்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"சாப்பாடு அப்பறம் ஆகட்டும். வண்டியை எடுங்கோ, கும்பளங்கி போலாம்" என்றாள்.

சேட்டன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கண் அநேகமாகப் போய்விட்டது. ஆனால் வண்டி தெருமுனையில் திரும்பியபோதே எழுந்து நின்றுவிட்டார், அந்த என்ஜின் சத்தம் அவருக்குத் தெரியாதா? நான் பக்கத்தில் போய் அந்த மூடியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலால் அந்தப் பிறையைத் தடவிப் பார்த்தார். நான் செய்ததை, நினைத்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருக்கு ஆச்சரியமே வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"கண்ணுதான் மோசம், சாமி. காது நல்லா கேக்கும். ரெண்டு குத்துக்குச் சத்தம் வந்தது. மூணாவதுக்கு வரல. அங்கே மூடி உண்டுன்னு எனக்கு அறியும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களோ?"

நம்பியிருக்க மாட்டேன். விற்கிறவன் சொல்லும் சாக்கு என்றுதான் நினைத்திருப்பேன்.

சேட்டன்தான் தொடர்ந்தார். புது மூடி ஒன்று வாங்கிக்கொண்டுதான் அந்த மழையில் வந்தேன், பாக்கெட்டில் இருந்தது, சத்தம் போடாமல் மாட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன் என்றார். அது இப்போது எங்கே கிடக்கிறதோ தெரியவில்லை என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கையிலிருந்த மூடியை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது இன்னும் ஒன்று சொன்னார்.

"குத்தினது பரவாயில்ல, சாமி. குத்திட்டு அந்த கார்பெட்டைத் தடவி விட்டீங்கல்லோ, ரெண்டு தடவை. அதும் எனக்குக் கேட்டது."

அப்படித் தடவியது எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் தடவியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது, என் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சேட்டனின் வீட்டார் சாயா கொண்டுவந்து வைத்தார்கள். கிளாஸைத் தூக்கிப் பார்க்காமல் குடித்து முடித்தேன்.

சேட்டன் அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தரமாவது எங்கள் வீட்டுக்கு வந்தார், காப்பி குடித்தார், என் மனைவியிடம் சிரித்துப் பேசினார். போகும்போது வண்டியில் கொண்டுவிடட்டுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். பஸ் இருக்கிறது என்பார். நாங்கள் அந்த வண்டியை விற்கும்வரை ஒரு தடவைகூட அதில் ஏறவில்லை.