மில்லுக்கு ஒரு மைக்செட் ஆட்டோ

திருமங்கலத்தில் அரிசி மில் வைத்திருந்த உக்கிரபாண்டி ஒரே பொய்யில் பல வருஷம் ஓட்டினார். நெல் அவிக்கிற அடுப்பிலிருந்து உமிச்சாம்பல் பறந்து தெரு முழுக்க விழும். கேட்டால், "அது ரயில் புகைம்மா" என்பார். கரி எஞ்சின் போய் டீசல் வந்த பிறகும் அதே பதில்தான்.

"டீசல் எஞ்சின்ல எப்பண்ணே உமி போட்டாக?" என்று எதிர்வீட்டு இருளாயி ஒருநாள் கேட்டாள். அதோடு தெருவே அவரோடு பேச்சை நிறுத்தியது. ஆவணியில் மகள் அஸ்வினிக்குக் காதுகுத்து. பத்திரிகையை வாங்கிக்கொண்டார்களே தவிர, ஒருத்தர்கூட "வாரோம்" என்று சொல்லவில்லை. சொந்தத் தெரு வராத காதுகுத்தா! மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் நாகமலை புதுக்கோட்டைக்கு ஹாஸ்டல் அரிசி இறக்கப் போனவர், ஃபேன் காற்றுக்காகப் பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் உட்கார்ந்தார். வெளிநாட்டில் சில கம்பெனிக்காரர்கள், தங்களால் காற்றும் தண்ணீரும் எம்புட்டுக் கெட்டது என்று யாரும் கேட்காமலே அச்சடித்து ஊருக்குச் சொல்கிறார்களாம். உக்கிரபாண்டிக்கு உடம்பு சிலிர்த்துப்போனது.

மறுநாளே மொக்கையனின் மைக்செட் ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தது. மொக்கையனுக்குக் கட்சிக் கூட்டத்துக்குக் கத்தித்தான் பழக்கம். "உங்கள் உக்கிரபாண்டியின் மில்லிலிருந்து இன்று காலை பத்து மணிக்கு மாபெரும் சாம்பல்! தாய்மார்களே, துணிகளை எடுத்துவிட்டு ஆதரவு தாரீர்!"

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் சாம்பல் பத்து மணிக்குச் சரியாக வந்தது. அப்புறம் ஆட்டோ சத்தத்தைக் கேட்டுத்தான் இருளாயி வடகமே காயப்போட்டாள். தன் சாம்பலைத் தினமும் மைக்கில் கேட்டு வெட்கம் பிடுங்கித் தின்ன, உக்கிரபாண்டி புகைபோக்கிக்குக் கம்பிவலை மாட்டினார். அன்றைக்குத்தான் இருளாயி, "காதுகுத்துக்கு வாரோம்ணே" என்றாள்.

காதுகுத்துக்கு முந்தின நாள் வலை கிழிந்தது. ஒட்டவைக்க ஆள் கிடைக்கவில்லை. ஊறிய நெல்லைக் காலையில் அவிக்காவிட்டால் நாறிவிடும். பந்தலோ மில்லை ஒட்டி, நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது.

"மாமா, ஒரு நாளைக்கு மட்டும் வாயை மூடிக்கங்க" என்றான் மச்சினன் விருமாண்டி. அவன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். "சொன்னா ஒரு காக்காகூட வராது. தாய்மாமன்னு யார் முன்னாடி போய் நான் உக்கார்றது?"

"வந்து உக்காந்தவுக தலையில கொட்டுனப்புறம் என்னத்த மாப்ள சொல்றது?"

மொக்கையன் கிளம்பினான். "நாளைய காதுகுத்து விழாவில், வலை கிழிந்த காரணத்தால், பந்தலுக்குள்ளேயே சாம்பல் விழும்! அனைவரும் அலைகடலெனத் திரண்டு வாரீர்!"

காலையில் பந்தல் காலி. உக்கிரபாண்டி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தெருமுனை கறுத்தது. அம்புட்டும் குடை! குடை இல்லாதவர்கள் தலையில் முறம், ஈரத்துண்டு. ஒருத்தர் ஹெல்மெட்டோடு வந்தார். முன்னால் இருளாயி, சீர்த்தட்டை பாலிதீன் பையால் மூடியபடி.

"சொன்னப்புறமுமா ஆத்தா வந்தீக?"

"சொன்னதாலதான்ணே வந்தோம். சொல்லாம விட்டிருந்தா பட்டுச்சேலையில வந்து, வைஞ்சிட்டுல்ல போயிருப்போம்!"

விருமாண்டி குடைக்குள் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்தான். ஆசாரியும் தலையை உள்ளே விட்டுக் காது குத்தினார். பந்தியில் தெருவே ஒரு கையில் குடை பிடித்து, மறுகையில் சோறு பிசைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் ஒரு குடையைப் பிடித்தபடி ரச வாளியோடு இருளாயியின் இலைக்குக் குனிந்தார் உக்கிரபாண்டி.

"அண்ணே, ரசம் கிடக்கட்டும். குடையை இந்தப் பக்கம் சாச்சுப் புடிங்க, காத்து மாறிருச்சு" என்றாள் இருளாயி.